குரலுக்கு அடியில் இன்னொரு குரல்

இந்த அறையின் டியூப்லைட் லேசாக முனகுகிறது. உங்களுக்குக் கேட்காமல் இருக்கலாம். எங்கள் ஊர் கொக்குராவில் விளக்குகள் இதைவிடக் கொஞ்சம் மேல் சுருதியில் முனகும். அந்தப் பக்கத்து மின்சாரம் வேறு மாதிரி. டோக்கியோவுக்கு வந்த முதல் வருடம் இந்த வித்தியாசத்தினாலேயே எனக்கு எதிலும் மனம் நிலைக்கவில்லை. பேசும்போது நான் அடிக்கடி எழுந்து நடந்தால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர். பழக்கம்தான்.

மேஜைமேல் நீங்கள் வைத்திருக்கும் தாள் என்னுடையது. கையெழுத்தும் என்னுடையது. பாடகர் தொகாஷி குனிஹிகோவின் ஏழாவது ஆல்பத்தைப் பதிவு செய்தபோது எழுதிய குறிப்பு. ஒவ்வொரு முறை பாடி முடித்ததும் எந்த வரி தேறியது, எது தேறவில்லை என்று எழுதிவைப்போம். அவருடைய மனைவி சிஜுரு அதை உங்களிடம் கொண்டுவந்ததில் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் கொண்டுவந்திருப்பேன். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் படித்தால் விஷயம் கொடூரமாகத் தெரியும். முழுவதையும் கேட்டால் அப்படித் தெரியாது.

தொகாஷி விட்டுச்சென்றவை ஒன்பது ஆல்பங்கள், இரண்டு மேடைப் பதிவுகள், ஆல்பங்களில் சேராத பதினான்கு பாட்டுகள். எல்லாவற்றையும் பதிவு செய்தவன் நான். வேறு யாரையும் அவர் அந்த நாற்காலியில் உட்காரவிட்டதில்லை.

முதலில் அவரைப் பார்த்தது கொக்குராவில், ரயில் பாலத்துக்கு அடியில் இருந்த ஒரு பாட்டுக்கூடத்தில். அங்கே ஒலியமைப்பு என் வேலை. எனக்கு இருபத்தொன்று, அவருக்கு இருபத்தேழு. உருக்காலைத் தொழிலாளியின் மகன். ராக் பாடுகிறவர்கள் எல்லாரும் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு திரிந்த காலத்தில் இவர் அப்பாவின் ஆலைச் சட்டையோடு மேடையேறினார். தலைக்கு மேல் சரக்கு ரயில் போனது. மற்றவர்கள் என்றால் ரயில் போகட்டும் என்று நிறுத்துவார்கள். இவர் பிடித்த சுரத்தை விடாமல் ரயில் ஓயும்வரை இழுத்தார். பாடி முடித்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"ரயில் சத்தத்தக் கொஞ்சம் கொறைக்கத் தெரியாதாடா உனக்கு?"

"அதோட ஒயர் என்கிட்ட இல்லண்ணே."

அவர் சிரித்துவிட்டார். என் பெயர் இகராஷி. அன்றைக்கே அது இகா ஆகிவிட்டது.

முதல் ஆறு ஆல்பங்களைப் பற்றி நான் நேர்மையாகச் சொல்லவேண்டும். நல்ல குரல். பலமான குரல். அவ்வளவுதான். புதிதாக வார்த்த இரும்பு மாதிரி எங்கும் ஒரு கீறல் இல்லை. கேட்டவர்கள் கைதட்டினார்கள், வீட்டுக்குப் போய் மறந்தார்கள். நான் மைக்கை மாற்றிப் பார்த்தேன், அறையை மாற்றிப் பார்த்தேன், அவரைக் கழிப்பறைக்குள் நிறுத்திக்கூடப் பாடவைத்தேன். எதுவோ வரவேண்டியது வரவில்லை. பத்தொன்பது வருடம் அந்த அரிப்பு எனக்குள் இருந்தது. ஏழாவதுதான் கடைசி என்று இசைத்தட்டுக் கம்பெனியும் ஜாடையாகச் சொல்லிவிட்டது.

ஏழாவதில், ஏப்ரல் மாதம், அது வந்தது. ஆலை வாசலில் அப்பாவுக்காகக் காத்திருப்பதைப் பற்றிய பாட்டு. மூன்றாவது முறை பாடும்போது, ஒரு நீண்ட "ஆ"வுக்கு அடியில் இரண்டாவதாக ஒரு ஒலி கேட்டது. துணியின் ஓரத்தில் ஒரு நூல் பிரிவதுபோல மெல்லிசாக. திரும்பப் போட்டுக் கேட்டேன். அறையில் இருந்த வாத்தியக்காரர்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் எழுந்து வெளியே போனார். கண் சிவந்து திரும்பி வந்தார்.

அது என்ன ஒலி என்று எனக்குத் தெரியும். என் அப்பா ஷிமோனோசெகி மீன் சந்தையில் ஏலம் விடுகிறவர். எனக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது அவர் குரலுக்கு அடியில் இதே ஒலியைக் கேட்டேன். அப்பாவோடு யாரோ சேர்ந்து கத்துகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். எட்டு மாதத்தில் அவருக்குக் குரல் போயிற்று. அடுத்த வருடம் அவரும் போனார். தொண்டையில் புற்று.

ஆகையால் தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் அடிக்கோடிட்டிருக்கும் வரியை அந்த நிமிடம்தான் எழுதினேன். "மூன்றாவது முறை. இரண்டாவது ஒலி தெளிவு. சொல்லவேண்டாம். முதலில் முடிப்போம்."

அன்று மாலை தொகாஷி தொண்டையைத் தடவிக்கொண்டே கேட்டார். "இகா, என் கொரல்ல ஏதாவது மாறியிருக்கா? எனக்கே வேற ஆள் பாடுற மாதிரி இருக்கு."

வயதுதான், ஷோச்சு சாராயம் பழசானால் ருசி ஏறுவதுபோல, என்றேன். அவருக்கு நிம்மதி. அவர் தன் காதை நம்பியதே இல்லை. என் காதைத்தான் நம்பினார். வீட்டில் சிஜுரு எது கேட்டாலும், "இகா சரின்னுட்டான்" என்பாராம்.

ஆல்பம் வெளிவந்தபின் நடந்ததை எல்லாரும் அறிவார்கள். அதுவரை திரும்பிப் பார்க்காதவர்களெல்லாம் திரும்பினார்கள். கடிதங்கள் மூட்டையாக வந்தன. அகிதாவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார்: அந்தப் பாட்டைக் கேட்டபிறகு, பதினோரு வருடம் பேசாமலிருந்த அண்ணனுக்கு ஃபோன் செய்தாராம். எந்த டாக்டரும் அவரை அந்த ஃபோனைச் செய்யவைத்திருக்க முடியாது.

அந்த இரண்டு வருடமும் நான் நிம்மதியாக ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. அந்த ஒலி வளர்ந்துகொண்டிருந்தது. எட்டாவது ஆல்பத்தை உடனே தொடங்கச் செய்தேன். ஊர் ஊராக நிகழ்ச்சிக்குப் போகும்போது வேனிலேயே கருவிகளை ஏற்றிக்கொண்டேன். நாகோயாவில் ஒரு பாட்டு, ஒகாயாமாவில் ஒரு பாட்டு என்று கிடைத்த இடத்தில் பதிவு செய்தோம். ஏன் இப்படி ஓடுகிறாய் என்று தொகாஷி கேலி செய்தார். பழம் பழுத்திருக்கும் நாட்கள் கொஞ்சம் என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எதையும் விட்டுவிட்டுப் பட்டியல் போடுவது எனக்குப் பிடிக்காது.

எட்டாவதின் நடுவில் சிஜுரு அவரை வற்புறுத்தி ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். தொண்டையிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தொகாஷி செல்ஃபோனை ஆன் செய்து வைப்பதே இல்லை. அதனால் ஸ்டுடியோ எண்ணைக் கொடுத்திருந்தார். ஒரு வாரம் கழித்து மணி அடித்தது. ஒரு நர்ஸ், தொகாஷி சான் இருக்கிறாரா என்று கேட்டார். அவர் பக்கத்துக் கடையில் சாப்பிடப் போயிருந்தார்.

"நான்தான் பேசுறேன்," என்றேன்.

தொகாஷியின் குரலில் பேசுவது எனக்குக் கஷ்டமில்லை. எந்த எழுத்தில் மூச்சு கசியும், எங்கே கொக்குரா வாடை அடிக்கும் என்று அவரைவிட எனக்குத் தெரியும். நேரில் வரச் சொன்னார்கள். வெளியூர்ப் பயணத்தில் இருக்கிறேன், இப்போதே சொல்லுங்கள் என்றேன். டாக்டரே பேசினார். தயங்கினார்; பிறகு சொன்னார். ஆரம்பக் கட்டம், உடனே சிகிச்சை தொடங்கினால் உயிருக்குப் பயமில்லை, குரல் மட்டும் கொஞ்சம் மாறலாம். அவர் அன்பாகத்தான் பேசினார். மனதைத் தளரவிடாதீர்கள் என்றார். நன்றி சொன்னேன். சொந்த ஊரில் ஒரு மருத்துவமனையில் பார்த்துக்கொள்கிறேன், காகிதங்களை ஸ்டுடியோவுக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவை இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. எட்டாவது ஆல்பத்தின் நாடாக்களுக்குப் பின்னால்.

தொகாஷி பல்லைக் குத்திக்கொண்டு திரும்பி வந்தார். மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள், பாடுகிறவர்களுக்குத் தொண்டையில் வரும் காய்ப்புதான், ஆவி பிடித்தால் போதுமாம் என்றேன்.

"அவ்ளோதானா? இதுக்குப் போய் சிஜுரு என்னைப் பாடா படுத்திட்டாளே. நீயே கேட்டியா, காய்ப்புன்னு?"

"என் காதால கேட்டேண்ணே."

ஒரு பெரிய பாரம் இறங்கியவர்போல அன்று அவர் பாடினார். எட்டாவதின் கடைசிப் பாட்டு அதுதான். நீங்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கவேண்டும்.

மூன்றாவதாக அவர் கேட்டது ஒன்பதாவது பாதி முடிந்திருந்தபோது, ஓர் ஊதோன் நூடுல்ஸ் கடையில். கிண்ணத்தைப் பாதியில் தள்ளிவைத்தார். உடம்பு மிகவும் இளைத்திருந்தது.

"எறங்க மாட்டேங்குதுடா. நெஜமாச் சொல்லு, உன் காதுக்கு என்ன கேக்குது?"

"இதுக்கு முன்னாடி இவ்வளவு நல்லா இருந்ததே இல்லண்ணே."

அது உண்மை. குரலைப் பற்றி அவரிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

இன்னும் நான்கு பாட்டுகள் இருந்தன. பதினேழு நாளில் முடித்தோம். கடைசிப் பாட்டில் இரண்டாவது ஒலிதான் பாடியது. முதல் குரல் அதற்குத் துணைக்கு நின்றது. மறுமாதம் செந்தாய் நகரத்து மேடையில் அவர் இரத்தமாக இருமினார். குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். அதுவும் போதவில்லை. பிப்ரவரியில் இறந்துபோனார்.

அவர் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியாக வெளியிட, குறிப்புகளைப் பார்க்க சிஜுரு போன மாதம் ஸ்டுடியோவுக்கு வந்தார். நான் காபி போடப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அந்தத் தாள் அவர் கையில் இருந்தது. முழுதாக இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன்.

"அவர் உங்ககிட்ட கேட்டாரா, இகராஷி சான்?"

"கேட்டார்."

"எத்தனை தடவை?"

மூன்று என்றேன். அவர் தாளின் ஓரங்களைத் தட்டிச் சீராக்கினார்.

"ஆஸ்பத்திரியில பலகையில அவர் எனக்கு எழுதிக் காட்டினதே ஒண்ணுதான். இகாவத் திட்டாதே, அவனுக்கே கேக்கலைன்னா யாருக்குக் கேட்டிருக்கும்னு." சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். காபியைத் தொடவில்லை.

அவர் புண்பட்டிருக்கிறார். எனக்குப் புரிகிறது. அவர் இழந்தது ஒரு கணவரை. ஆனால் சிகிச்சை செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். எழுபது வயதுவரை இருந்திருப்பார். இன்னும் ஆறேழு ஆல்பம் போட்டிருப்பார். எல்லாம் முதல் ஆறைப்போலவே. ஒருவர் மறதிக்குள் போய் மறைவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். நான் அவரைக் கொன்றேன் என்று எழுதவேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவரைக் காப்பாற்றினேன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். என் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்துவந்த நாடாக்களில் ஒன்றில் பெயர் எழுதியிருக்காது. அதை அழித்துவிடவேண்டாம். அந்தப் பெட்டியில் கடைசியாகச் சேரவேண்டியது அது. ஜனவரியில் மருத்துவமனையில் எடுத்தேன். கழுத்தில் போட்டிருந்த துளை வழியாக அவர் மூச்சு வந்துபோகும் ஒலி, நாற்பது நிமிடம். அப்படி ஒரு ஒலியை யாரும் பதிவு செய்ததில்லை. சம்மதம் இல்லாமல் எடுத்தேன் என்று சிஜுரு சொல்கிறார். அது சரியல்ல. மைக்கை அருகில் கொண்டுபோனபோது தொகாஷி கையை உயர்த்தி, உள்ளங்கையை என் பக்கம் காட்டி, இரண்டு முறை அசைத்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொன்னார் என்பது சிஜுருவின் எண்ணம். இருபத்திரண்டு வருடம் ஸ்டுடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஆரம்பி என்றுதான் சொன்னார்.