சிங்காரம் புகைத்த பக்கங்கள்

ஜப்பான் மணி ஆறு. பழைய மணிக்கு நாலரை. தோக்கியோவில் விடிந்தால் நம் மலையிலும் விடிந்ததாக வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் ஜப்பான்காரன் போட்ட சட்டம். ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைக்கு நடுவே, கூலிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து தோட்டக் கணக்கு எழுதும் பெரிய கிராணியின் வீட்டுக்குப் போகும் மண்பாதை. அரை மைல். ஒரு ஈ காக்கை இல்லை. பனி... கால் வைக்கும் இடம் தெரியாத பனி.

அந்தப் பாதையில் தினமும் தனியாக நடந்தவள் என் கூட்டாளி தங்கராஜுவின் பெரியம்மா, சீதா. அப்போது பதினேழு வயது. அந்த வீட்டுக்குச் சமைக்கப் போனாள். கேட்டுக்கொள்ளுங்கள்... அது அவள் வளர்ந்த வீடு.

நாற்பத்து மூன்றாம் வருஷம், செப்டம்பர் மாதம். பாதிப் பாதையில் நின்றுவிட்டாள். ஒரு வாசனை. தேயிலைத் தூள் கருகும் வாசனை, கூடவே காகிதம் எரியும் நெடி. தேயிலை ஆலை மூடிக் கிடந்தது. தூள் கருக வழியே இல்லை. புகையிலையில் தேயிலைத் தூளைக் கலந்து, காகிதத்தில் சுருட்டிப் பிடிக்கிறவர் அந்தத் தோட்டத்தில் ஒரே ஒருத்தர்தான். பெரிய கிராணி சிங்காரம். அவள் அப்பா. அவரை ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றி மூன்று மாதம் ஆகியிருந்தது.

எப்படி ஏற்றினார்கள் என்பதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. சொன்னால் எனக்கு வயிறு எரியும். பரவாயில்லை.

சண்டை வந்ததும் ஈப்போவில் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அங்கே பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த செல்லையா, போக்கிடம் இல்லாமல் மலையேறி வந்தான். சிங்காரம் அவனுக்குச் சின்னக் கிராணி வேலை கொடுத்தார். பின்கட்டில் அறை கொடுத்தார். தாயில்லாத தன் மகளுக்குப் போட்ட அதே தட்டில் சோறு போட்டார். ஆங்கிலப் புத்தகம் கையில் இருந்தால் கன்னம் வீங்குகிற காலம் அது. செல்லையாவிடம் ஒரு புத்தகம் இருந்தது. அரிசி இல்லாத அரிசிப் பெட்டிக்குள் அதை ஒளித்து வைத்து, சாயங்காலங்களில் சீதாவுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

பழைய நாடகம். ஒரு தளபதியிடம் மூன்று கிழவிகள், நீ ராஜா ஆவாய் என்கிறார்கள். அன்றைக்கே அவன் வீட்டுக்கு ராஜா விருந்துக்கு வருகிறார். கொன்றுவிடு என்கிறாள் பெண்டாட்டி. தளபதி தயங்குகிறான். பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு விருந்துக்குப் போகிறான். அதோடு முதல் அங்கம் முடிகிறது.

"அப்புறம் கொன்னானா இல்லையா?" என்பாள் சீதா.

"எங்களுக்கு முதல் அங்கம்தான் நடத்துனாங்க. அதுக்குள்ள ஸ்கூல மூடிட்டாங்க."

"மீதிய நீங்களே படிச்சுச் சொல்லுங்கலா."

"மீதி எங்கே?" என்று சிங்காரம் அடுப்படியிலிருந்து சிரிப்பார். "இரண்டாம் அங்கம் என் வாயில இருக்கு."

காகிதம் கிடைக்காத காலம். அந்தப் புத்தகத்தாள் சுருட்டுவதற்கு வாகாக மெல்லிசாக இருந்தது. ஆனால் அவரிடம் ஒரு நியாயம் உண்டு. "படிக்கிற பக்கத்துல கை வைக்க மாட்டேன் தம்பி. படிக்காதது பொகைஞ்சா என்ன போச்சு?" ஒரு நாள் இன்னொன்றும் சொன்னார். "எனக்குப் பெறகு இந்த நாற்காலி ஒனக்குத்தான்."

மூன்று கிழவிகள் தேவைப்படவில்லை பாருங்கள். சோறு போட்டவரே சொல்லிவிட்டார்.

ஜூன் மாதம் சயாமுக்கு இருபது ஆள் கேட்டார்கள். ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டுக்குள் ஓடிவிட்டான். விடிந்து, ஆள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது இருபதாவது பேர்... சிங்காரம். இடுப்பு வேட்டியும் புகையிலை டப்பாவுமாக லாரியில் ஏறினார். கிராணிமாரை எடுப்பதில்லையே என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் துப்பாக்கியோடு சிப்பாய் நின்றான்.

ஆபீஸ் கதவில் ஆணியடித்த அந்த லிஸ்டைச் சீதா படித்தாள். படிக்கச் சொல்லிக் கொடுத்தவனே செல்லையாதானே. சிங்காரத்தின் முதல் எழுத்து 'எஸ்', அதன் வால் உள்ளே சுருண்டிருந்தது. அவள் கையைப் பிடித்து அவன் பழக்கிய அதே சுருள்.

அவள் அழவில்லை. உடம்பெல்லாம் கொதித்தது.

ஒரே வாரத்தில் செல்லையா பெரிய கிராணி. முன்னறைக் கட்டில் அவனுக்கு. சீதா லயத்தில், முன்பு கொழுந்தெடுத்த வேலாயியோடு போய்த் தங்கினாள். சமைக்க வந்தால் உப்பும் மரவள்ளியும் தருகிறேன் என்று ஆள் விட்டான். அவள் உப்புக்காகப் போனாள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். இல்லை. ஒரு வார்த்தைக்காகப் போனாள். தட்டை வைக்கும்போது தினமும் அதே கேள்வி.

"எங்கப்பா பேர எழுதுனது யாரு?"

"அது தாப்பா ஜப்பான் ஆபீஸிலேருந்து வந்த லிஸ்டு. எனக்கென்ன தெரியும்?"

தினமும் அதே பதில். தின்ற சோற்றுக்குத் துரோகம் செய்தவனுக்கு நாக்கு கூசாது போலிருக்கிறது.

அந்த வாசனை வந்த நாள் அடுப்படித் தரையில் சாம்பல் கிடந்தது. ஒரு துண்டு பீடி. காகிதத்தில் ஆங்கில எழுத்து. அரிசிப் பெட்டியைத் திறந்தான் செல்லையா. இரண்டாம் அங்கத்தில் மீதமிருந்த தாள்கள் இல்லை.

"நீதானே கிழிச்சே?"

"நான் முதல் அங்கம் மட்டும்தான் படிச்சவ. மீதி எனக்கெதுக்கு?"

தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்தான். தாள் குறைந்தது. ஆபீஸ் இரும்புப் பெட்டியில் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டினான். அப்படியும் குறைந்தது. மூன்றாம் அங்கம் போனது. நான்காவது போனது. ராத்திரியில் அடுப்படியிலிருந்து இரண்டு இருமல்... ஒரு செருமல்... நிறுத்தி, ஒரு நீண்ட இழுப்பு. செல்லையா அதைச் சொல்லக் கேட்டுத்தான், அது தன் அப்பாவின் இருமல் என்று சீதா தெரிந்துகொண்டாள். அவனுக்குக் கண் குழி விழுந்திருந்தது. பயமாக இருந்ததா பெரியம்மா என்று தங்கராஜு கேட்டிருக்கிறான். "எனக்கு எதுக்குடா பயம்? எங்கப்பாதானே" என்றாளாம்.

ஜனவரியில், முதல் அங்கம் போக, மிச்சம் ஒரே ஒரு தாள். கடைசித் தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அன்று சாயங்காலம் செல்லையா அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"அவரப் போகச் சொல்லு சீதா."

"எழுதுனது யாருன்னு சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். மூடினான்.

"வாயால வரலேன்னா எழுது. எழுதத்தான் ஒனக்கு நல்லா வருமே" என்று சொல்லிவிட்டுச் சீதா கிளம்பினாள். பாதையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் சிம்னி விளக்கு. அவன் குனிந்து பேனாவை மையில் தொட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள், ஜப்பான் மணி ஆறு. வாசனை லயத்து வாசல் வரைக்கும் வந்திருந்தது. ஓடினாள். செல்லையா நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கண் திறந்தே இருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. விரலில் மை காயவில்லை. மடியில் புத்தகம், முதல் அங்கம் மட்டும். கடைசித் தாள் இல்லை. தரையில் சாம்பலும் இல்லை.

எழுதியிருக்கிறான். எழுதியதும் போய்விட்டது. செத்தும் ஏமாற்றிவிட்டானே என்று அந்த நாற்காலியை எட்டி உதைத்தாளாம்.

ஜப்பான்காரன் போனான். சயாமுக்குப் போன இருபது பேரில் மூன்று பேர் திரும்பினார்கள். அதில் ஒருவர் கருப்பையா. சீதாவைத் தேடி வந்து, துணி முடிச்சை அவிழ்த்து, ஒரு புகையிலை டப்பாவை வைத்தார்.

"மூணாவது மாசமே பேதியில போயிட்டாரும்மா. செப்டம்பரு. நான்தான் பொதைச்சேன். ஒங்கிட்டக் குடுக்கணும்னு அன்னிக்கு முடிச்சுப் போட்டு வச்சது, இன்னும் தொறக்கல."

மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. கத்தியால் நெம்பினாள்.

உள்ளே ஒரே ஒரு பீடி. பற்றவைக்காதது. பிரித்தாள். புத்தகத்தின் கடைசித் தாள். பின்பக்கம் ஆங்கிலத்தில் ஒரே வரி... 'சிங்காரத்தின் பெயரை எழுதியது நான்தான்.' கீழே செல்லையாவின் கையெழுத்து. 'எஸ்' எழுத்தின் வால் உள்ளே சுருண்டிருந்தது.

தாளின் ஒரு முனை எச்சில் பட்டு நனைந்திருந்தது. கருப்பையாவும் தொட்டுப் பார்த்தார்... ஈரம் காயவில்லை.