கெங்கம்மாவின் குரல்

மேடையில் அமர்ந்திருக்கும் விசைப்படகு சங்கத் தலைவர் ரஷீது அவர்களே, தயாரிப்பாளர் ஜார்ஜ் அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்து இந்த ராயபுரம் சங்கக் கூடத்தை நிறைத்திருக்கும் எங்கள் இயக்குநரின் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மறைந்த இயக்குநர் வல்லரசு அவர்களின் புகைப்படத்தைச் சுற்றி சீரியல் விளக்கு போட்டிருக்கிறீர்கள். இருந்திருந்தால் முதலில் அதைத்தான் பிடுங்கிப் போட்டிருப்பார்! "மூஞ்சிய பாக்கறதா, பல்பைப் பாக்கறதா?" என்று என்னைத் திட்டியிருப்பார். பதினாறு வருடம் அவருடைய படத்தொகுப்பாளன் நான். திட்டு வாங்கிப் பழக்கம் உண்டு.

படம் முடிந்ததும் அவர் விநியோகஸ்தருக்குக் காட்டமாட்டார். விமர்சகருக்கும் காட்டமாட்டார். யாரைப் படம் பிடித்தாரோ அவர்களுக்குத்தான் முதலில் காட்டுவார். இதே கூடத்தில், இதே சுவரில் வெள்ளைத்துணி கட்டி! கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, திரையைப் பார்க்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஷாட்டு அழகா கீதான்னு கேக்காத யாசினு. தன்னைத் தானே பாக்கறவங்க கூனிக் குறுகாம குந்திகினு கீறாங்களா, அத்த பாரு" என்பார். சினிமாவைப் பற்றி அவர் எனக்குச் சொன்னதெல்லாம் கடைசியில் இதில்தான் வந்து நிற்கும்.

அவருக்குத் தொகுத்த முதல் படத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். காசிமேட்டில் மீன் விற்கும் கெங்கம்மா, இதோ முன்வரிசையில் இருக்கிறார், அதில் நடித்திருந்தார். அவர் பேச்சு வெளியூரில் புரியாதே என்று பயந்து, இயக்குநர் காய்ச்சலில் கிடந்த வாரத்தில், வேறொரு பெண்ணை டப்பிங் பேச வைத்துவிட்டேன். இங்கே படம் ஓடியது. பத்தே நிமிடம்! கெங்கம்மா எழுந்தார். "இன்னா நைனா இது? என் வாய்ல எவளோ பூந்துகினு பேசறா?"

கூடமே சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. படத்தை நிறுத்தினார். கெங்கம்மாவின் முன்னால் வந்து, கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். மறுநாளே கெங்கம்மாவின் குரலைத் திரும்பச் சேர்த்தோம், படகு இன்ஜின் இரைச்சலோடு.

செய்தது நான்! என் பெயரை அவர் சொன்னாரா? ஒருநாளும் இல்லை. கெங்கம்மாவுக்கே இன்றைக்குத்தான் தெரியும். என்னை மன்னித்துவிடுங்கள் அம்மா.

இயக்குநரின் கடைசிப் படம் பாதித் தொகுப்பில் நிற்கிறது. அதிலும் கெங்கம்மா இருக்கிறார். போன வாரம் ஜார்ஜ் சார் கேட்டார், அந்தம்மா பேச்சை மட்டும் மாற்றிவிடலாமா, வெளியே விற்கச் சுலபமாக இருக்குமே என்று. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நானே செய்த காரியம்தானே! பதிலை இப்போது சொல்கிறேன் சார், மாற்றமாட்டேன். ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டேன்.

ஜார்ஜ் சார் தலையாட்டுகிறார். நீங்கள் எல்லோரும் சாட்சி!

அந்தப் படத்தை முடிப்பேன். முதலில் இங்கேதான் காட்டுவேன். கெங்கம்மா, ஏதாவது பிசகியிருந்தால் நடுவிலேயே எழுந்து கத்துங்கள். என் தப்புக்குக் கைகூப்ப இனி அவர் இல்லை. நானேதான் எழுந்து வரவேண்டும்.