படம் முடியும்வரை

இந்த அறையில் வெளிச்சம் கொஞ்சம் அதிகம், சார். பரவாயில்லை, உங்கள் பிழைப்புக்கு வெளிச்சம் வேண்டும். என் பிழைப்புக்கு இருட்டு.

இறந்தவரைப் பேராசிரியர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் ஆராய்ச்சி செய்கிற நாங்கள் வால்நட்சத்திரம் என்போம். எப்போதோ ஒரு தடவைதான் தொலைநோக்கிப் பக்கம் தலைகாட்டுவார். நான் மூன்று குளிர்காலம் அந்த வாயு மேகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். நட்சத்திரங்கள் பிறக்கும் மேகம் அது. அதன் ஓரத்தில் ஒரு மங்கல் புள்ளி மெல்லப் பிரகாசமாகிக்கொண்டே வந்தது. புதிதாய்ப் பிறந்த நட்சத்திரம். கண்டுபிடித்தது நான். தன் பெயரில் அறிவித்தது அவர்.

கேட்டேன். சிரித்தார்.

"உங்க குடும்பத்துலயே காலேஜ் வாசலை மிதிச்சது நீதானேம்மா? அதுவே பெரிசு. பேரு கீருன்னு ஏன் பறக்கறே?"

நியாயம்தான். என் அப்பா கைநாட்டு. வால்நட்சத்திரத்தின் அப்பாவும் பேராசிரியர்; நாற்காலியில் சூடு ஆறுவதற்குள் மகன் உட்கார்ந்துவிட்டார்.

பத்திரிகைக்காரர்களுக்குக் காட்ட நல்ல படம் ஒன்று வேண்டும் என்றார். எடுக்கிறேன், வந்து பாருங்கள் என்றேன். ஒரு படம் எடுக்க மணிக்கணக்கில் ஆகும், எங்கள் தொலைநோக்கியோ கிழம். வானம் நகர நகர, பொத்தானை அழுத்தி அழுத்தி அதையும் கூடவே நகர்த்த வேண்டும். கை பிசகினால் படம் இழுபட்டுப்போகும். நடுவில் யாராவது விளக்கைப் போட்டால் எல்லாம் பாழ். அப்படிப் போட்ட ஒருத்தியை அவர் படிப்பைவிட்டே விரட்டியிருக்கிறார்.

தொலைநோக்கி அறையின் தரையில் ஒரு கதவு உண்டு. தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியைக் கழுவுவதற்குக் கீழ்த்தளத்துக்கு இறக்கும் வழி. அன்று அதைத் திறந்து வைத்திருந்தேன். காற்றோட்டத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவர் டார்ச் எடுத்துவர மாட்டார். அந்த அறை தன் வீட்டுக் குளியலறை மாதிரி என்பார். வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"எங்கேம்மா இருக்கே?"

"இங்கதான் சார். நேரா வாங்க."

வந்தார்.

விழுந்ததுமே உயிர் போயிருக்கும் என்று உங்கள் டாக்டர் சொன்னாராம். படித்தவர், சொல்லட்டும். கீழேயிருந்து கூப்பிட்டார்.

"லைட்டைப் போடு... கால் ஒடிஞ்சிருச்சு!"

"படம் இன்னும் முடியலை சார்."

பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் முதல் தடவையாக எனக்கு மரியாதை கிடைத்தது.

"லைட்டைப் போடுங்கம்மா... உங்க பேரையே போட்டுடலாம்மா..."

படம் முடிந்த பிறகு போட்டேன். அதற்குள் சத்தம் நின்றிருந்தது.

கொலைதான். எழுதிக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் செய்தாள் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர்மேல் எனக்கு ஆத்திரமே கிடையாது. ஆத்திரக்காரிக்குக் கை நடுங்கும். படத்தைப் பாருங்கள், ஒரு புள்ளிகூட இழுபடவில்லை.