மூன்று சொம்பு

— "பனி மூடிய கோட்டை." விஜய்ண்ணா, நம்ம உத்திரமேரூர்ல பனிக்கு எங்க போறது? கோட்டைக்கு எங்க போறது?

— ரைஸ் மில்லு கீதில்ல கீர்த்தி. தவிட்டுத் தூசியப் பனின்னு சொல்லிக்கலாம். அது பிரபா எழுதின பழைய சீட்டு, தூக்கிக் கடாசு. அவன் எழுதின ரத்தக்காட்டேரிக்கு ரத்தம் பாத்தாலே மயக்கம்.

— அது நீ எழுதினதுண்ணா.

— நானா? இருக்கும். நான் எழுதற பேயெல்லாம் கடைசி பஸ்ஸ வுட்டுட்டு ஸ்டாண்டுல நிக்கும்.

— வெளயாடாத. நாலு மணிக்கு பிரபாவும் வசந்த்குமாரும் வந்துருவாங்க. நான் பேய்க்கதை சொல்லணும், நீங்க மூணு பேரும் அதுக்குள்ள பூந்து பேசணும். கையில ஒரு கதையும் இல்ல. எங்க வரதண்ணன் இருந்தா இந்நேரம் பத்து குடுத்திருக்கும்.

— ம்.

— வரதண்ணன் ஏரியில முழுகிப் போனப்பறம் ஒரு வருசம் கழிச்சி இன்னிக்குதான் ஆடறோம். அம்மாதான் ஆடுங்கன்னுச்சி, வூட்ல சத்தம் கேட்டா தேவலயாம். அதுக்கு ஒரே பேஜாருண்ணா. நீச்சல் தெரியாத புள்ள, தன்னந்தனியா ஏரிக்கு இன்னாத்துக்குப் போனான்னு அதையே கேட்டுக்கினு கீது.

— தெரியும். அதான் புதுசா சீட்டு எழுதியாந்தேன். மூணு சொம்புலயும் போட்டுட்டேன். இது இடம், இது ஆளு, இது அந்த ஆளுக்கு இன்னா வேணும்னு. நீ எடு.

— நானேவா?

— உங்கண்ணன் ரூலுதான? தாயக்கட்ட எதுக்கு, நம்ம ஊருக் கல்வெட்டுலயே குடவோலை கீதுன்னான். உள்ள இன்னா கீதுன்னு தெரியாதவங்கதான் எடுக்கணும். எடுத்தத திருப்பிப் போடக் கூடாது.

— சரி. "ஏரி மதகு." அண்ணா, வேற எடுக்கட்டுமா?

— திருப்பிப் போடக் கூடாது.

— ரெண்டாவது... "கூடப் போனவன்." மூணாவது... இன்னா கையெழுத்துண்ணா இது, கோழி கிளறின மாதிரி. "சொல்லிவிட வேண்டும்."

— ஆரம்பி. எப்பவும் சொல்வியே, புஸ்தகத்துல கீற மாதிரி.

— கார்த்திகை மாதம். விடாத மழை. ஏரி நிரம்பி, மதகு வழியே தண்ணீர் சீறிக்கொண்டு போகிறது. கரையில் ஒருவன் நிற்கிறான். பேய் என்று சொல்ல முடியாது. சட்டை நனைந்து, நம் தெருவில் போகிற யாரோ ஒருவன் போலத்தான் இருக்கிறான். யாருப்பா நீ?

— கூடப் போனவன்.

— யாரு கூட?

— அவன் மதகு மேல ஏறி ஆழம் பாக்கறேன்னான். அவ்ளோ தில்லு கீதா உனுக்குன்னு சிரிச்சேன். எப்பவும் அடிக்கிற ஜோக்குதான். ஏறினான். கால் வழுக்கிச்சி. எனக்கும் நீச்சல் தெரியாது. கத்தினேன், மழையில யாருக்கும் கேக்கல. அப்பறம் ஓடிட்டேன்.

— அண்ணா.

— கதைதான் கீர்த்தி. சொம்புல வந்த கதை.

— இரு. "ஏரி மதகு." இதுவும் "ஏரி மதகு." இதுவும். எல்லாச் சீட்டுலயும் ஒண்ணையே எழுதிகீற.

— வேற எதுனா வந்தா மறுபடி ஜோக் அடிச்சிட்டு எழுந்து போயிருவேன். என்னிய எனக்குத் தெரியாதா? உங்கம்மா கீழதான கீது?

— கீது. வெங்காயம் உரிச்சிக்கினு கீது.

— இப்பவே போய் சொல்லிடறேன். அதுக்கு முன்ன நீ எதுனா சொல்லு. திட்டு. சும்மா பாத்துக்கினு இருக்காத.

— ஆட்டத்தையே தப்பா ஆடிட்டோம்ண்ணா. உள்ள கீறது தெரியாதவங்கதான எடுக்கணும்? நான் எடுத்திருக்கவே கூடாது.

— இன்னா சொல்ற?

— அன்னிக்கு மதகாண்ட ரெண்டு ஜோடி செருப்பு கெடந்துச்சு. ஊக்கு குத்தின வாரு யாருதுன்னு எனக்குத் தெரியாதா? போலீசு வர்றதுக்குள்ள உன்னுத மட்டும் எடுத்தாந்துட்டேன். ஒரு வருசமா இந்தக் கட்டிலுக்கு அடியிலதான் கீது, எடுத்துக்கினு வா, அம்மாகிட்ட ரெண்டு பேருமா போலாம்.