பலகைக்குள் இருக்கும் செடிகள்

மேடையில் வீற்றிருக்கும் நம் கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே, துறைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் காப்பாளர் அம்மாவின் தம்பி அவர்களே, வந்திருக்கும் அனைவருக்கும் என் வணக்கம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். மைக் முன்னால் நிற்பதும் எங்கள் வீட்டில் நான்தான் முதல். எழுதி வந்ததைப் பார்த்துப் படிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தாவரக் காப்பாளர் அம்மா சென்ற வாரம் மறைந்தார். இந்த மாவட்டத்தின் காட்டுச் செடிகளைத் தேடி எடுத்து, அழுத்தி, உலர்த்தி, அட்டையில் தைத்து, அலமாரி அலமாரியாகச் சேர்த்தவர். இப்போது பூட்டிக் கிடக்கும் அந்தக் கடைக்கோடி அறையில் அவருக்கு உதவியாளராக இருந்தவள் நான்.

அவருக்கு நீங்கள் வைத்த பெயர் 'பழைய பேப்பர்'. செடியின் ஈரத்தை உறிஞ்சச் செய்தித்தாள் வேண்டுமே, பார்ப்பவரிடமெல்லாம் கேட்பார். மாணவர்கள் தாழ்வாரத்தில் வியாபாரி மாதிரி இழுத்துக் கூவுவார்கள். அம்மா கோபப்பட்டாரா? திரும்பி நின்று, "இருக்கா? கசக்காம கொண்டு வாப்பா" என்பார்.

தனியாக நிற்கும் செடியை அவர் தொடமாட்டார். பக்கத்தில் அதே செடி நாலைந்தாவது இருந்தால்தான் ஒன்றை எடுப்பார். ஒருமுறை குன்றடியில் நாளெல்லாம் அலைந்து, வெறும் பையோடு ஜீப்பில் ஏறினோம்.

"கீரை வாங்கப் போனாக்கூட ஒரு கட்டு கையில இருக்கும் மேடம்" என்றார் ஓட்டுநர்.

"அது ஒண்டியா நிக்குதுப்பா. அதையும் பிடுங்கிட்டா அங்க யாரு இருப்பா?" என்றார் அம்மா.

எங்கள் அறைக்கு மட்டும் யார் வந்தார்கள்? தாள் பறக்கும் என்று மின்விசிறிகூடப் போடமாட்டோம். பேச்சும் குறைவு. இப்போது அந்தக் குறைந்த பேச்சும் இல்லை.

இது எழுதி வந்ததில் இல்லை. சற்றுமுன் வாசலில் அம்மாவின் தம்பி சொன்னார்: "வீட்டுக்கு வாக்கான்னா, தாள் மாத்தணும்டான்னு போனை வெச்சிடும்." அது சாக்கு இல்லை, ஐயா. ஈரத்தாளை அன்றாடம் மாற்றாவிட்டால் செடி கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும்.

அம்மா கடைசியாக ஏரிக்கரையில் எடுத்த செடிகள், அழுத்துப் பலகைகளுக்கு நடுவே கட்டியபடி, அந்த அறைக்குள்தான் இருக்கின்றன. அறையில் உள்ள பொருள்களின் கணக்கெடுப்பு முடிந்த பிறகுதான் திறப்போம் என்கிறார்கள். அதுவரை அவை தாங்குமா?

பேசிய எல்லோரும் அம்மாவின் பணியைத் தொடர்வோம் என்றீர்கள். நானும் தொடர்வேன். கூட யாரும் இல்லாவிட்டாலும் தொடர்வேன்.

முதல்வர் ஐயா, காலையிலிருந்து கேட்கத் தயங்கிக்கொண்டிருக்கிறேன். கணக்கெடுப்பு நடக்கட்டும். அலமாரிகளைத் தொடமாட்டேன், வேண்டுமானால் யாராவது பக்கத்தில் நிற்கட்டும். இன்று நீங்கள் கிளம்புவதற்கு முன், அறைச் சாவியை எனக்குத் தாருங்கள்.