காக்கிச் சட்டை வரைந்த படம்

எல்லைச் சண்டை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மேனாம்பேடு ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் திடீரென்று, "என் புருஷனுக்குச் செத்தப்புறம் மிலிட்டரில வேலை குடுத்துட்டாங்க" என்றாள்.

அவளுக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள். "இன்னாக்கா சொல்றே? அண்ணாத்தே லாரி டிரைவராச்சே?"

"ஆமா. பட்டாளத்துக்கு அரிசி மூட்டை ஏத்திகினு எல்லைக்குப் போனாரு. மேலேர்ந்து குண்டு போட்டான், போய்ட்டாரு. நம்ம பேட்டை மன்றத்துல, சண்டைல செத்துப்போன ஜவானுங்க படம் மாட்றாங்களேன்னு இவரு படத்தையும் குடுத்தேன். லாரி முன்னாடி பனியனோட நிப்பாரே, அந்தப் படம். சிவிலியன் படத்தை மாட்ட முடியாதுன்னான் அந்த மன்றத்துச் செயலாளரு."

"ஜவானுங்கதானேக்கா சண்ட போட்டாங்க?"

"அவங்களுக்கு ஸ்வெட்டர் பின்னிக் குடுத்த எங்கிட்டயே சொல்றியா? அவங்க துன்ன சோறு தானா நடந்து போச்சா?"

வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் நின்றவள் தகர டின்னைக் காலால் தள்ளினாள்.

"ஆனா படத்தை மாட்டிக்கீறாங்களே, பாத்தேனே?"

"அதத்தான் சொல்றேன். ஸ்டுடியோல குடுத்து, பனியன் மேல காக்கிச் சட்டை வரைஞ்சு மாட்டிட்டான். எனக்கு உபகாரம் பண்ணானாம்! நேத்து என் பொண்ணு பாத்துட்டு, யாரும்மா இந்த மிலிட்டரிக்காரருன்னு கேக்குது."

"நாளைக்கு மாலை போட்றாங்க. வருவல்ல?"

"வருவேன். அந்தக் காக்கியச் சொரண்டி எடுக்கத்தான் வருவேன். பனியனோட செத்த மனுசன், பனியனோடயே மாலை வாங்கட்டும்."