ஜோடிப் படம்

— தமிழிலயே சொல்லும் பிள்ளை. இங்கிலிசில 'வெளியில போ' எண்டு கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு.

— சொறி அங்கிள். மனேஜர்தான் அனுப்பினவர். 'உன்ர பாஷைக்காரர், நீ போய் மரியாதையாச் சொல்லு' எண்டார். நான் மேனுஷா. மேல கமரா றூமில வேலை.

— ஓ, நீர்தானோ கூரைக்குள்ளால எட்டிப் பாக்கிற ஆள்! ஏன், நான் என்ன களவெடுத்தனானோ?

— சீ, இல்லை அங்கிள். போன சீட்டுகளை மனசில எண்ணி வைச்சு விளையாடுற ஆள் நீங்கள். அது குற்றமில்லை. ஆனா எங்கட கசினோவில விளையாட வேண்டாம் எண்டு சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கு.

— அட, நான் இன்னும் மேசையில ஒண்டுமே வைக்கேல்லையே! இப்ப புதுச் சட்டத்தால பேர் பதியாமலும் வரலாம் எண்டு கேள்விப்பட்டுத்தான் வந்தனான். தாடி வளத்து, தலைக்கு மை பூசி, கண்ணாடியும் மாத்தி... பிறகு எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?

— தாடி நல்லாத்தான் இருக்கு. ஆனா காசுக்கு மாத்தின முதல் சிப்பைக் கையில எடுத்த உடன ரெண்டு கண்ணிலயும் ஒத்தினீங்களே!

— ஐயோ கடவுளே. ஒத்தினனானோ?

— ஓம். பழைய குறிப்பில அப்பிடியே கிடக்கு. 'சிப்பைக் கண்ணில வைப்பார், கூட்டாளிக்குக் காட்டுற சிக்னலா இருக்கலாம்.' வாசிச்சுப்போட்டு எனக்கு ஒரே சிரிப்பு. இஞ்ச லண்டனில, எட்மண்டனில எங்கட அப்பாவும் கடை திறந்து முதல் வாற காசை அப்பிடித்தான் ஒத்துவார்.

— அது என்ர மனுசி மங்கலம் பழக்கினது. 'சும்மா வைக்கிறீங்களே, ஒத்திப்போட்டு வையுங்கோ' எண்டு முழங்கையால இடிப்பாள். கூட்டாளி எண்டு எழுதிக் கிடக்கிறதும் அவளைத்தான்.

— தெரியும். குறிப்போட இருக்கிற படத்தில உங்களுக்குப் பக்கத்தில நிக்கிறா. பச்சைச் சீலை.

— அந்தப் பச்சைச் சீலையோ! கேளும் பிள்ளை, எண்ணுறது முழுக்க அவள். நான் சும்மா பணக்காரன் மாதிரி நடிக்கிற ஆள். அவள் ஒண்டும் தெரியாத ஆள் போல இருந்து சின்னச் சின்னதா வைப்பாள். சின்னச் சீட்டெல்லாம் போய்ப் பெரிய சீட்டுகள் மிஞ்சினால் தமிழில கேப்பாள், 'இரவைக்குப் புட்டு அவிப்பமோ?' எண்டு. அப்ப நான் வந்து பெரிசாப் போடோணும். 'இடியப்பம்' எண்டால் பொத்திக்கொண்டு நிக்கோணும்.

— புட்டோ! கமரா றூமில ஒருத்தருக்கும் விளங்கியிராது.

— ஒருக்கா பக்கத்தில இருந்த சீனாக்காரர் புட்டெண்டால் என்ன எண்டு கேட்டுப்போட்டார். இவள் மா வறுக்கிறதில இருந்து தொடங்கிட்டாள்! நான் சிரிப்பை அடக்கேலாமல் ரொயிலெற்றுக்கு ஓடினனான். வெண்டாலும் தோத்தாலும் வீடு இருக்கிற ரெய்னர்ஸ் லேன் வரைக்கும் ட்ரெயினில சிரிச்சுக்கொண்டு வருவம். நல்ல காலம் பிள்ளை அது.

— பிறகேன் விட்டனீங்கள்?

— உங்கட ஆக்களாலதான்! ஒரு பின்னேரம் ஒரு இடத்தில பிடிச்சாங்கள். சரி, போகட்டும் எண்டு அடுத்த கசினோவுக்குப் போனா, எங்களுக்கு முன்னம் எங்கட படம் போய் நிக்குது. வாசலில நிண்டவன் மங்கலத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அத்தினை சனத்துக்கு முன்னால திரும்பிப் போகச் சொன்னான்.

— அப்ப ஃபக்ஸில அனுப்புறது. இப்ப ஈமெயில். ஒரு இடத்தில கண்டால் லண்டனில இருக்கிற மற்றக் கமரா றூமுக்கும் படம் வந்திடும்.

— அவள் ரோட்டில நிண்டு அழுதாள். 'இனி இந்தக் கதையே என்னோட கதைக்கக்கூடாது' எண்டு சத்தியம் வாங்கினாள். அண்டையோட சரி. இப்ப அவளுக்கு ஒரு ரீவி, எனக்கு ஒரு ரீவி. 'சாப்பிடுறீங்களோ?' 'ஓம்.' வீட்டில அவ்வளவுதான் பேச்சு. இண்டைக்குத் தோர்ண்டன் ஹீத்துக்கு, தங்கச்சி வீட்ட போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவள். அதுதான் நான் இஞ்ச... வெல்ல வரேல்லை பிள்ளை. இந்த மேசையில கொஞ்ச நேரம் இருந்தால் அவள் பக்கத்தில இருக்கிற மாதிரிக் கிடக்கும்.

— அங்கிள்...

— அவளுக்குத் தெரிய வந்திடுமோ? வீட்டுக்குக் கடிதம் கிடிதம் போட்டிடாதையும். மிச்சம் இருக்கிற பேச்சும் நிண்டுபோம்.

— அங்கிள், நாங்களா உங்களைத் தேடேல்லை. மத்தியானம் வேறொரு கசினோவில இருந்து படம் வந்தது. 'இந்தப் பொம்பிளை இஞ்ச சீட்டு எண்ணுறா. முந்திக் கூட வாற ஆம்பிளை உங்கட பக்கம் நிக்கிறாரோ பாருங்கோ' எண்டு. அதாலதான் பழைய படத்தையே எடுத்தனாங்கள்.

— எந்தப் பொம்பிளை?

— காட்டக்கூடாது... எண்டாலும் பாருங்கோ.

— இது... அடியே மங்கலம்! சத்தியம் வாங்கினவளே நீ! பிள்ளை, ஆரோட போயிருக்கிறாள்? இப்ப ஆர் அவளோட விளையாடுறது?

— ஒருத்தரும் இல்லை அங்கிள். பக்கத்துக் கதிரையில கைப்பையை வைச்சிருக்கிறா. ஆர் வந்து கேட்டாலும் 'என்ர அவர் வாறார்' எண்டு சொல்லி இருக்க விடுறாவில்லையாம்.